கட்டியதைப் பிரிக்காமல்

எங்கள் பிரிவுக்கு ஜன்னல் கிடையாது. ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், சலவைக்கூடத்துக்கும் ஜெனரேட்டர் அறைக்கும் நடுவில் இருக்கிறோம். வெளியே மழையா வெயிலா என்பது டீ கொண்டு வருகிறவரின் சட்டையைப் பார்த்தால்தான் தெரியும். மேலே ஆபரேஷன் தியேட்டரில் பயன்படுத்திய கத்தரி, இடுக்கி, ஊசி பிடிக்கிற கருவி எல்லாம் ரத்தக்கறையோடு எங்களிடம் இறங்கி வரும். ஒரு அறையில் கழுவுவோம். அடுத்த அறையில் துடைத்து, பூதக்கண்ணாடி விளக்கின் கீழ் ஒவ்வொன்றாகப் பார்த்து, தட்டில் அடுக்கி, நீலத் துணியில் இரண்டு சுற்று சுற்றி டேப் ஒட்டுவோம். இதற்குப் பெயர் செட் கட்டுவது. கட்டிய செட் நீராவிப் பெட்டிக்குள் போய், வெந்து, மறுபக்கத்து அறையில் வெளியே வரும். அழுக்கிலிருந்து சுத்தத்துக்கு ஒரு வழிப் பாதை. எதிர்த்திசையில் எந்தக் கதவும் திறக்காது.

செட்டுக்குள்ளே ஒரு சின்னக் காகிதப் பட்டை வைப்போம். நீராவி உள்ளே வரைக்கும் போயிருந்தால் அது கறுத்துவிடும். தியேட்டரில் செட்டைப் பிரித்ததும் நர்ஸ் முதலில் தேடுவது அந்தப் பட்டையைத்தான். அது இல்லாவிட்டால் ஒரு கத்தரியைக்கூடத் தொட மாட்டார்கள். அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இன்னொரு விதி இருக்கிறது. வெந்து வந்த செட்டைத் தியேட்டருக்கு வெளியே யாரும் பிரிக்கக் கூடாது. எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஆசைப்பட்டுப் பிரித்தால், பார்த்த அந்த நிமிஷமே அது கெட்டது. உள்ளே எல்லாம் சரியாகவே இருந்தாலும் கெட்டதுதான். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பது நான்தான். சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்திருக்கிறது.

கவலைப்படுவது எனக்குக் கைவந்த கலை. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவேன். பூட்டினேனா என்று திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். மறுபடி தெருமுனை. இழுத்த இழுப்பில் பூட்டு திறந்துகொண்டிருக்குமோ? மறுபடி வீடு. எதிர்வீட்டுத் தையல்காரர் ஒருநாள் மிஷினை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "நீங்க தைரியமா போய்ட்டு வாங்கம்மா. உங்க வீட்டுக்கு வர்ற திருடன் உங்களைப் பார்த்தே களைச்சுப் போயிடுவான்."

கடவுள் நம்பிக்கை இல்லாதவள் என்று யாரும் என்னைச் சொல்லிவிட முடியாது. காலையில் எழுந்ததும் கைகூப்பிவிட்டுத்தான் மறுவேலை. ஆனால் என் பிரார்த்தனையை யாராவது ஒட்டுக்கேட்டால் சிரிப்பார்கள். மேலதிகாரி வேலை ஏவுகிற மாதிரி இருக்கும். இதை இப்படிச் செய், அதை மறந்துவிடாதே, போன தடவை மாதிரி இழுத்தடிக்காதே. எல்லாவற்றையும் உன்னிடம் ஒப்படைத்துவிட்டேன் என்று முடிப்பேன். கண்ணைத் திறந்ததும், ஒப்படைத்த அத்தனையையும் ஒன்றுவிடாமல் திரும்ப வாரிக்கொண்டு வேலைக்குக் கிளம்புவேன்.

என் வீட்டுக்காரர் எனக்கு நேர் எதிர். டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். ஓட்டத் தெரியாதவர்கள் கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டு, நாள் முழுக்கப் பக்கத்து சீட்டில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உங்களுக்குப் பயமே வராதா என்று கேட்டால், "எதுக்குப் பயம்? என் காலுக்குக் கீழயும் ஒரு பிரேக் இருக்குல்ல" என்பார். இந்த வீட்டில் எனக்குத் தைரியம் சொல்கிற பொறுப்பு அவருடையது. எனக்கும் சேர்த்து அவர் தூங்குவார், அவருக்கும் சேர்த்து நான் விழித்திருப்பேன்.

எங்களுக்கு ஒரே பெண். வீட்டில் சிட்டு என்று கூப்பிடுவோம். இரண்டாம் வகுப்பு. பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டை. தானாக மூடிக்கொள்ளும் என்று காத்திருந்தோம், மூடவில்லை. பள்ளியில் மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவாள். இனியும் தள்ளிப் போடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தேதி குறித்தார்கள். நான் வேலை பார்க்கிற அதே ஆஸ்பத்திரி, அதே தியேட்டர்.

குழந்தைகளின் இதய ஆபரேஷனுக்கு எங்களிடம் இரண்டு செட் உண்டு. ஒரு செட்டின் கத்தரிகள் சாணை பிடிக்கப் போயிருந்தன. மிச்சம் இருந்த ஒன்றை நான்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

எங்கள் இன்சார்ஜ் அக்கா கனத்த உடம்பும் கண்டிப்பான பேச்சும் உள்ளவர். "சொந்தப் பிள்ளைக்கு நீ கட்ட வேண்டாம். கை நடுங்கும்" என்றார்.

"வேற யார் கட்டினாலும் எனக்குத் தூக்கம் வராதுக்கா."

"நீ கட்டினா மட்டும் வந்துடுமா?" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் மதியம் கட்டினேன். அந்தச் செட்டில் இருக்கிற இடுக்கிகளின் முனை கண்ணிமை முடி அளவுதான் இருக்கும். ஒவ்வொன்றையும் விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கத்தரியை மெல்லிய ரப்பரில் வெட்டிப் பார்த்தேன். அடுக்கினேன், சுற்றினேன், டேப் ஒட்டினேன். செட் நீராவிக்குள் போய் நல்லபடியாக வெளியே வந்தது. வீட்டுக்கு வந்து சிட்டுவிடம், "அம்மாதான் உனக்கு எல்லாம் கட்டி வெச்சிருக்கேன்" என்றேன். "நீ கட்டுனா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பொம்மைக்குத் தலை வாரப் போய்விட்டாள்.

காலையில் அவளைத் தியேட்டருக்கு வெளியே இருக்கிற காத்திருப்பு அறைக்குள் அழைத்துப் போனார்கள். பெற்றவர்களில் ஒருவருக்குத்தான் அனுமதி. நான் உள்ளே போனால் நான் அழுவதைப் பார்த்து அவளும் அழுவாள் என்று வீட்டுக்காரர் போனார். கதவு மூடியது. நான் வராந்தாவில் நின்றேன்.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. பட்டை வைத்தேனா?

கத்தரி வெட்டிப் பார்த்தது நினைவிருந்தது. இடுக்கிகளின் முனை ஒவ்வொன்றும் நினைவிருந்தது. துணியின் மடிப்புகூட நினைவிருந்தது. பட்டையை எடுத்துத் தட்டில் வைத்த என் கை மட்டும் நினைவில் இல்லை. வைத்திருப்பேன், வைக்காமல் இருப்பேனா, தினமும் வைக்கிற கை. ஆனால் வைத்ததை நான் பார்த்த ஞாபகம் இல்லை. என் பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைத்துவிட்டு, செட்டைப் பிரித்துவிட்டு, பட்டை இல்லை என்று நர்ஸ் நிமிர்ந்து பார்க்கிற காட்சி அப்படியே கண்முன் வந்து நின்றது. அதற்குமேல் என்னால் அந்த வராந்தாவில் நிற்க முடியவில்லை.

லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியில் இறங்கினேன். விடுப்பில் இருக்கிறவள் ஏன் உடை மாற்றுகிறாள் என்று யாரும் கேட்கவில்லை. தொப்பி, முகமூடி, மேலங்கி. சுத்தமான பக்கத்து அறைக்குப் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போனேன். அலமாரியில் என் செட் நான் ஒட்டிய டேப்போடு, டேப்பில் என் கையெழுத்தோடு உட்கார்ந்திருந்தது. வெளியே இருந்து பார்த்தால் என்ன தெரியும்? எடுத்து அசைத்துப் பார்த்தேன். காகிதப் பட்டை சத்தமா போடும்?

எடுத்த இடத்தில் வைத்துவிட்டு வந்திருக்கலாம். கைப்பையில் வைத்திருக்கிற வீட்டுச் சாவியை அமுக்கி அமுக்கிப் பார்க்கிற அதே விரல்கள்தான் டேப்பின் நுனியைத் தேடின. ஒரு மடிப்பு. இரண்டாவது மடிப்பு. உள்துணி. தட்டு.

பட்டை இருந்தது. தட்டின் ஓரத்தில், இருக்க வேண்டிய இடத்தில், கறுக்க வேண்டிய அளவுக்குக் கறுத்து இருந்தது. அதை விரலால் எடுத்துப் பார்த்து, ஒரு மூச்சு விட்டேன். அந்த ஒரு மூச்சுதான். அடுத்த மூச்சு உள்ளே வரவில்லை. நான் என்ன செய்துவிட்டேன் என்று அப்போதுதான் புரிந்தது.

"அக்கா," என்று பின்னால் ஒரு குரல். ரேடியோ நின்றுகொண்டிருந்தாள்.

ரேடியோ என்பது நாங்கள் வைத்த பெயர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வாயை மூடாதவள். கழுவும்போது பேசுவாள், துடைக்கும்போது பேசுவாள், நாத்தனார் வீட்டு விவகாரத்தில் தொடங்கி நாட்டு விவகாரத்தில் முடிப்பாள். பேசிக்கொண்டே கட்டுகிறவள் எதையாவது விட்டுவிடுவாள் என்பது என் தீர்மானம். அவள் கட்டியதை அவளுக்குத் தெரியாமல் நான் எடுத்துப் பார்த்த நாட்கள் உண்டு. அந்த ரேடியோ பிரிந்து கிடந்த நீலத் துணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் நின்றதுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது.

இன்சார்ஜ் அக்கா வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"உள்ள தொட்டியா?"

"தொட்டேன்."

"அப்போ கழுவுறதுல இருந்து." தட்டை அவரே தூக்கிக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாகக் கழுவும் அறைக்குப் போனார்.

கட்டுகிற அறைச் சுவரில் இருந்த போனில் அவர் தியேட்டரோடு பேசினதை ஒரு பக்கம் மட்டும் கேட்டேன். ஆமா டாக்டர். எங்க பக்கம் தப்பு டாக்டர். இல்லை, இன்னொண்ணு சாணைக்குப் போயிருக்கு. தெரியும் டாக்டர். யார் தப்பு என்று அவர் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பன்னண்டுக்குள்ள செட் மேல வரணும். வரலேன்னா இன்னைக்கு இல்லைங்கிறாரு. அடுத்து எப்போன்னு சொல்ல முடியாதாம். நடுவுல பிள்ளைக்கு ஒரு சளி பிடிச்சா மறுபடி முதல்ல இருந்து."

"நான் கட்டுறேன்க்கா."

"நீ தொடவே கூடாது. ரேடியோ கட்டுவா." மூலையில் இருந்த ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டார். "கையைக் கட்டிக்கிட்டு இங்க உட்காரு. எந்திரிச்சா வெளிய அனுப்பிடுவேன்."

உட்கார்ந்தேன். வேறு எங்கே போவேன்? மேலே போனால் நான் நுழைய முடியாத ஒரு கதவு. கீழே நான் தொட முடியாத ஒரு தட்டு. ஜன்னல் இல்லாத அந்த அறையில் இத்தனை வருஷம் வேலை பார்த்திருக்கிறேன், ஒருநாளும் மூச்சு முட்டியதில்லை. அன்று முகமூடிக்குள் என் மூச்சே சூடாக என் முகத்தில் அடித்தது. நாலு சுவரும் நெருங்கி வந்து நிற்கிற மாதிரி இருந்தது. தொப்பியின் ரப்பர் நெற்றியை அறுத்தது. கழற்ற முடியாது, கழற்றினால் வெளியே போக வேண்டும்.

கழுவும் இயந்திரம் ஓடி முடிவதற்குள் போன் ஒரு தடவை அடித்தது. இன்சார்ஜ் அக்கா கேட்டுவிட்டு வைத்தார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தது முகத்தில் தெரிந்தது.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. பிள்ளை தண்ணி கேக்குதாம். குடுக்கக் கூடாதுல்ல, அதான் அழுவுதாம். அவங்க அப்பா கதை சொல்லிக்கிட்டிருக்காராம்."

அவருக்குத் தெரிந்த ஒரே கதை, ஒரு பாட்டுக்காரர் லாரியை ரிவர்ஸ் எடுத்துக் கிணற்றில் விட்ட கதை. அதை எத்தனை தடவை சொல்வார்? என் பிள்ளை நாக்கு வறண்டு படுத்திருப்பது என்னால்தான். டாக்டரால் இல்லை, விதியால் இல்லை. பாசத்தில்தான் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. அழுதால் முகமூடி நனையும், நனைந்தால் வெளியே அனுப்பிவிடுவார். அதனால் அழக்கூட முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

ரேடியோ கட்ட ஆரம்பித்தாள். பேசிக்கொண்டேதான்.

"அக்கா, பயப்படாதீங்க. எங்க சித்தி பையனுக்கு இதே ஓட்டைதான், இப்போ ஃபுட்பால் ஆடுறான், வீட்டுக் கண்ணாடி ஒண்ணு மிச்சம் வைக்கல." ஒரு இடுக்கி. "சித்தப்பா திட்டுனா எனக்கு இதயத்துல ஆபரேஷன் ஆயிருக்குன்னு நெஞ்சைப் பிடிச்சுக்குவான். நடிப்பு." இன்னொரு இடுக்கி. "நீங்களும் பாருங்க, சிட்டு உங்களைப் படுத்தப் போற பாட்டை."

என் கண் அவள் விரல்களை விட்டு அகலவில்லை. முனை பார்த்தாள், சரி. கத்தரி வெட்டினாள், சரி. அடுக்கு, சரி. இனி பட்டைதான். அவள் கை பட்டை டப்பா பக்கம் போனது. சரியாக அந்த நேரம் பார்த்துப் போன் மறுபடி அடிக்க, இன்சார்ஜ் அக்கா எழுந்து எனக்கும் மேஜைக்கும் நடுவில் வந்து நின்று பேசினார். அவர் நின்றால் ஒரு பீரோ நிற்கிற மாதிரி. ஸ்டூலிலிருந்து வலப்பக்கம் சாய்ந்தேன், இடப்பக்கம் சாய்ந்தேன். அவர் நகர்ந்தபோது முதல் சுற்றுத் துணி மூடியாகியிருந்தது.

அவள் வைத்தாளா?

கேட்டிருக்கலாம். "வெச்சேன்க்கா" என்றுதான் சொல்வாள். அதை நான் நம்புவேனா? என் கையையே நம்பாமல் பிரித்தவள், அவள் வாயை நம்பப் போகிறேனா? மறுபடி பிரித்துக் காட்டு என்பேன். பிரித்துக் கட்டலாம், இன்னும் வேகவில்லை, கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் அதற்குப் பிறகு வேறு ஒன்று நினைவுக்கு வரும். கத்தரித் திருகு இறுக்கமா? துணியில் ஊசிக்கண் அளவு ஓட்டை இருக்குமோ? என்னை எனக்குத் தெரியும். பன்னிரண்டு மணி தாண்டிய பிறகும் நான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து எதையாவது கேட்டுக்கொண்டுதான் இருப்பேன். வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

ரேடியோ டேப் ஒட்டினாள். கையெழுத்துப் போட்டாள். செட்டைப் பெட்டிக்குள் தள்ளினாள். கனத்த இரும்புக் கதவு மூடி, உள்ளே தாழ் விழுகிற சத்தம் கேட்டது.

அந்தக் கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீராவி உள்ளே ஏறிவிட்டால் அது யார் சொன்னாலும் திறக்காது. பெரிய டாக்டர் வந்து கத்தினாலும் திறக்காது. உள்ளே வேலை முடிந்து அழுத்தம் இறங்கினால்தான், அதுவும் மறுபக்கத்தில்தான் திறக்கும். அழுத்தம் காட்டுகிற முள் மெல்ல மேலே ஏறியது. இன்சார்ஜ் அக்கா எழுந்திரு என்று சொல்லவில்லை, உட்கார் என்றும் சொல்லவில்லை. நான் எழுந்து அந்தக் கதவுக்கு முன்னால் போய் நின்றேன்.

பிரார்த்தனை செய்யலாம் என்று நினைத்தேன். வழக்கம்போல ஆரம்பித்தேன். பட்டை இருக்கணும், துணி ஈரமாகக் கூடாது, டாக்டர் கோபத்தில் இருக்கக் கூடாது, சிட்டு அழக் கூடாது. பாதியில் எனக்கே அருவருப்பாக இருந்தது. இது கும்பிடுவதா? இதுவும் டேப்பைப் பிரிப்பதுதான். அவள் பிறந்த நாளிலிருந்து தினம் காலையில் அவளைக் கட்டிக் கடவுள் கையில் கொடுத்திருக்கிறேன். கொடுத்த சூட்டோடு நானே பிரித்துப் பார்த்திருக்கிறேன். பிரித்துப் பார்த்தபோதெல்லாம் உள்ளே எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கிறது. கெடுத்தது நான்தான். ஒருநாள் நிம்மதியைக்கூட நான் முழுசாக இருக்க விட்டதில்லை.

கையைக் கூப்பவில்லை. கண்ணையும் மூடவில்லை. முகமூடிக்குள் முணுமுணுத்தேன்.

"இதை நான் பிரிக்க மாட்டேன். உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். அது போதும்."

வெளிச்சம் எதுவும் வந்துவிடவில்லை. ஜன்னல் இல்லாத அறைக்கு எங்கிருந்து வரும்? காதில் யாரும் எதுவும் சொல்லவும் இல்லை. ரேடியோ மட்டும் சித்தி பையன் உடைத்த கண்ணாடிகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் என் தோள்கள் இறங்கின. அவை அத்தனை நேரம் காது வரை ஏறி நின்றிருந்தன என்பதே இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

அதோடு எல்லாம் சுபம் என்று சொல்லத்தான் ஆசை. பெட்டி ஓடிய அந்த நேரம் முழுக்க அந்த நிம்மதி போவதும் வருவதுமாக இருந்தது. ஒரு நிமிஷம் தரையில் கால் பாவும், அடுத்த நிமிஷம் மறுபடி பட்டை நினைவுக்கு வரும். ஒவ்வொரு தடவையும் அதே வாக்கியத்தைத்தான் சொன்னேன். புதிதாக ஒன்றும் சேர்க்கவில்லை. சேர்த்தால் மறுபடி வேலை ஏவ ஆரம்பித்துவிடுவேன் என்று பயம்.

மறுபக்கத்தில் கதவு திறந்தது. நாங்களும் பக்கவாட்டுக் கதவு வழியாக அங்கே போனோம். செட்டை வெளியே இழுத்து ஆற வைத்தார்கள். சூட்டோடு கை பட்டால் துணி வேர்த்து ஈரமாகும், ஈரம் வழியாகக் கிருமி போகும். அதனால் அது ஆறும் வரை யாரும் தொடக் கூடாது. நீராவி பட்டதற்கு அடையாளமாக டேப்பின் கோடுகள் கறுப்பாக, அழகாக இருந்தன. அது வெளிப்பக்கத்துக் கதை. உள்ளே என்ன என்று டேப் சொல்லாது.

லிஃப்ட் வரவில்லை என்று இன்சார்ஜ் அக்கா வராந்தாவுக்குப் போனார். ரேடியோவை யாரோ கழுவும் பக்கத்துக்குக் கூப்பிட்டார்கள். அந்த அறையில் நானும் செட்டும் மட்டும் இருந்தோம்.

சத்தியமாகச் சொல்கிறேன், என் விரல்கள் ஊறின. ஒரு ஓரத்தை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே ஒட்டிவிடலாம், யாருக்குத் தெரியப் போகிறது என்று மனசு எனக்கே யோசனை சொல்லிக் கொடுத்தது. இரண்டு கைகளையும் அக்குளுக்குள் வைத்து அழுத்திக்கொண்டேன். செட்டைப் பார்த்தால்தானே வம்பு என்று சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். வாசலில் வந்து நின்ற இன்சார்ஜ் அக்கா, சுவரைப் பார்த்துத் தன்னைத்தானே கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிற என்னைப் பார்த்து என்ன நினைத்தாரோ.

"தண்டனை நான் குடுக்கிறேன், நீயா எடுத்துக்காத" என்றார். பிறகு, "மேல போ. பிள்ளையை உள்ள கூட்டிட்டுப் போறதுக்குள்ள ஒரு தடவை பார்த்துடலாம். நாளன்னைக்கு வேலைக்கு வா, உனக்கு இருக்கு கச்சேரி."

செட் லிஃப்டில் ஏறியது. நான் படியில் ஏறினேன். அது எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது.

காத்திருப்பு அறைக் கதவு திறந்து, சிட்டுவைத் தள்ளுகட்டிலில் வெளியே கொண்டு வந்தார்கள். உதடு வெடித்திருந்தது. கொடுத்திருந்த மருந்தில் கண் சொக்கியது. பக்கத்தில் வந்த என் வீட்டுக்காரரின் முகத்தில் சிரிப்பு இருந்தது. ஒட்ட வைத்த சிரிப்பு.

"அம்மா, நீ கட்டினதா?" என்று கேட்டாள்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "இல்லடா. ரேடியோ ஆன்ட்டி கட்டினாங்க."

"பேசிக்கிட்டேவா?"

"பேசிக்கிட்டேதான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "நீ செக் பண்ணியா?"

"இல்ல."

என் பிள்ளை என்னை அப்படி ஆச்சரியமாகப் பார்த்ததே இல்லை. பள்ளிப்பையை மூன்று தடவை கவிழ்த்துப் பார்க்கிற அம்மா. "அப்ப எப்படி?" என்றாள்.

"சரியா இருக்கும் கண்ணு" என்றேன். அதைக் கேட்டு வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கட்டில் உள்ளே போனது. கதவு சாத்திக்கொண்டது.

வராந்தாவில் சுவரோரம் வரிசையாக இரும்பு நாற்காலிகள். உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் பட்டை இல்லை என்று யாராவது வெளியே ஓடி வருவார்கள் என்று கதவையே பார்த்தேன். யாரும் வரவில்லை. வராததைப் பார்த்து நிம்மதியாகலாம் என்றால், அடுத்தது தயாராக நின்றது. டாக்டர் கை நடுங்கினால்? கரண்ட் போனால்? சிட்டுவின் நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்று நான் பார்க்க முடியாது. அதைத் திறந்திருப்பவர்கள் வேறு. என் வாக்கியத்தைச் சொன்னேன். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். அது போதும். கதவைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தலையைச் சுவரில் சாய்த்தேன்.

யாரோ என் தோளைப் பிடித்து உலுக்கினார்கள்.

"ஏய். எந்திரி. டாக்டர் நிக்கிறாரு."

வீட்டுக்காரரின் குரல். முதலில் எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை. கழுத்து வலித்தது, வாயோரம் ஈரமாக இருந்தது. எதிரே பச்சை உடையில் டாக்டர். முகமூடி கழுத்தில் தொங்க, தூங்கி எழுகிற என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓட்டையை மூடியாச்சு. நல்லா இருக்கா. சாயந்திரம் கண் முழிச்சுடுவா, ஒவ்வொருத்தரா போய்ப் பாருங்க" என்றார். காலைத் தாமதத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போய்விட்டார்.

"தூங்கிட்டியா நீ?" வீட்டுக்காரருக்கு டாக்டர் சொன்ன செய்தியைவிட இதுதான் நம்ப முடியாததாக இருந்தது. "பிள்ளை உள்ள இருக்கா, நீ குறட்டை விடுற. நான் பக்கத்துல உட்கார்ந்து..." நெற்றியெல்லாம் வேர்வை. சட்டைக் காலர் நனைந்திருந்தது. நாற்காலியின் நுனியில் விறைத்துப் போய் உட்கார்ந்திருந்தார்.

குனிந்து பார்த்தேன். அவருடைய வலது கால் முன்னால் நீண்டு, ஷூவின் முன்பாதம் தரையை முழு பலத்தோடு அமுக்கிக்கொண்டிருந்தது. அவள் உள்ளே போனதிலிருந்து அப்படியே வைத்திருந்திருக்கிறார். அங்கே ஒரு பெடலும் இல்லை, வெறும் மொசைக் தரை.

இத்தனை வருஷம் எனக்குத் தைரியம் சொன்ன மனிதர். அவர் முழங்காலில் கை வைத்தேன்.

"காலை எடுங்க" என்றேன். "வண்டி நின்னுடுச்சு."

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். அது தன்னுடையதுதானா என்கிற மாதிரி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக எடுத்துப் பின்னால் வைத்துக்கொண்டு, என் தோளில் முகத்தைப் புதைத்து அழ ஆரம்பித்தார்.